தொட்டிக்கு வாங்கிய பாட்டில்

வெளியில் அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்பார்கள். வீட்டில் 'என்னங்க' என்பதுதான் அவருக்குப் பெயர். மொட்டை மாடிகளில் மோட்டார் அறை என்று ஒரு புழுக்கமான பொந்து இருக்குமே, அதற்குள் குனிந்து நுழைந்து கம்பிக் கயிற்றுக்கு கிரீஸ் போடுவார், பிரேக்கைச் சரிபார்ப்பார். நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்து இறக்கிவிடுவார். நல்ல வேலைக்காரர். நல்ல மனுஷன் என்றும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒரு காலத்தில் குடித்தார். சும்மா இல்லை, மொடாக்குடி.

அவர் குடியை விட்டதற்குக் காரணம் டாக்டரும் இல்லை, சாமியும் இல்லை. ஒரு துணிவண்டி. ஒரு ஹோட்டலில் லிஃப்ட் கதவின் பூட்டு கெட்டுப்போயிருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகப் பூட்டின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். அப்படிச் செய்தால் கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்ற வேண்டும். உள்ளே போயிருந்த சரக்கு அதை மறக்கடித்துவிட்டது. மறுநாள் காலையில் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் கதவைத் திறந்தாள். லிஃப்ட் வேறு மாடியில் இருந்தது, எதிரில் வெறும் குழி. வண்டி உள்ளே போய்விட்டது. கைப்பிடியை விட்டதால் அவள் தப்பித்தாள். ஒரு நொடி பிந்தியிருந்தால் அவளும் போயிருப்பாள். நொறுங்கிய வண்டியைக் குழியிலிருந்து மேலே எடுத்தவர் நம் லிஃப்ட்காரர்தான்.

வேலை போனது. பிறகு வேறு கம்பெனியில் அதே லிஃப்ட் வேலை கிடைத்தது. வண்டி விழுந்த அன்றைக்கே அவர் மனைவி சொல்லிவிட்டாள்: "இத்தனை நாள் பொறுத்தேன். இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சு, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். இது சத்தியம்." அவள் வாயால் சொன்னால் சொன்னதுதான். அவருக்கும் அது தெரியும்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீருடை தைக்கிற இடத்தில் நூல் பார்க்கிற வேலை அவளுக்கு. துணி வந்து இறங்கியதும் அதன் நிறத்துக்கு ஒத்த நூலை எடுத்துக் கொடுக்க வேண்டும். நமக்கெல்லாம் நீலம் என்றால் நீலம், அவ்வளவுதான். அவளுக்கு நீலத்துக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது, மாமியார் மருமகள் சண்டையோடு. அவள் எடுத்த நூல் பொருந்தவில்லை என்று ஒரு துணி திரும்பி வந்ததில்லை. லிஃப்ட்காரர் இதில் நேர் எதிர். சிவப்புக்கும் ரோஸுக்கும் வித்தியாசம் கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

குடியை விட்டவருக்குப் பகல் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம்தான் எமன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்தால் அந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. கதவுத் திருகாணிகளைக் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். மனைவி பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்ட நாளில்தான் காலி செய்துகொண்டு போன ஒரு அலுவலகத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சும்மாவே தருகிறோம் என்றார்கள். கூட வேலை செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்.

"இது என்னங்க, ஆளைப் படுக்கவச்சு மூடுற பெட்டி மாதிரி இருக்கு?" என்றாள் அவள்.

"கடல்ம்மா. வீட்டுக்குள்ள ஒரு கடல்" என்றார்.

சொன்னபடியே செய்தார். உப்பைக் கரைத்து, கல்லை அடுக்கி, விளக்கு மாட்டி, விரல் நகம் அளவில் இருந்த பவளத் துண்டுகளைக் கல்லில் ஒட்டி வளர்த்தார். பவளம் உயிருள்ளது, கல் இல்லை. பூ மாதிரி விரியும், பயந்தால் சுருங்கிக்கொள்ளும். பிறகு ஒரு ஜோடி கோமாளி மீன். அந்த இனத்தில் பெரியதுதான் பெண், சின்னது ஆண். பெரியது விரட்டும், சின்னது உடம்பை நடுக்கிக் காட்டிப் பணிந்து போகும். "பார்த்துக் கத்துக்குங்க" என்பாள் மனைவி. "இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்பார் அவர். சாயங்காலங்கள் அந்தத் தொட்டியோடு போயின. வருஷங்கள் போயின. அவளுக்கு அந்தத் தொட்டியின் மேல் ஒரு நன்றியே உண்டு. அதைத் துடைக்கும்போதெல்லாம் ஒரு குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைப்பாள்.

அந்தத் தொட்டிக்குத்தான் வந்தது வினை.

முதலில் பவளங்கள் நிறம் மங்கின. ஊதாவாக இருந்தது பழுப்பானது. விரிந்து கிடந்தவை பகலிலும் சுருங்கிக் கிடந்தன. கல்லின் மேல் பச்சைப் பாசி மயிர் மயிராக முளைத்தது. காரணம் நைட்ரேட். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகிக் கடைசியில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும். மீன்கள் கொஞ்சம் தாங்கும், பவளம் தாங்காது. அதை அளக்க ஒரு சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்கி, கொஞ்ச நேரம் வைத்தால் நிறம் மாறும். வெளிர் ரோஸ் என்றால் நல்லது. சிவப்பு ஏற ஏற ஆபத்து. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்வது எப்போதும் அவள் வேலை. அவர் குழாயை நீட்டுவார், அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்வாள். இந்த முறை பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அட்டையில கடைசிக் கட்டம்ங்க. அதைவிடக் கருப்பாக்கூட இருக்கு."

அவர் தலைகீழாக நின்று பார்த்தார். தீனியைப் பாதியாகக் குறைத்தார். வடிகட்டும் பஞ்சுகளை அடிக்கடி கழுவினார். கல்லுக்குப் பின்னால் சேர்ந்திருந்த சேற்றை உறிஞ்சி எடுத்தார். வாளி வாளியாகப் புது உப்புத் தண்ணீர் கலந்து பழையதை மாற்றினார். மாற்றிய அன்றைக்குக் குழாய் கொஞ்சம் வெளுக்கும். சில நாளில் பழையபடி ரத்தம் மாதிரி சிவந்து நிற்கும். அவர் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து தொட்டியையே வெறித்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வை அவளுக்குப் பழகிய பார்வை. குடியை விட்ட புதிதில், திருகாணிகளைக் கழற்றி மாட்டிய சாயங்காலங்களில் பார்த்தது.

மீன்கடைக்காரரிடம் யோசனை கேட்கப் போனார்கள், இரண்டு பேரும் சேர்ந்துதான். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்.

"இவ்வளவு பண்ணியும் இறங்கலையா? அப்ப வோட்கா ஊத்துங்க அண்ணே."

கடைக்குள் மோட்டார்களின் உறுமல் மட்டும் கேட்டது.

"சிரிக்காதீங்க, எல்லாரும் பண்றதுதான்" என்றார் கடைக்காரர். அங்கே யாரும் சிரிக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குல்ல, நல்ல கிருமி, அதுக்கு அந்தச் சாராயம்தான் சாப்பாடு. தின்னுட்டுப் பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் சேர்த்துத் தின்னும். சிரிஞ்ச்ல சொட்டுச் சொட்டா விடணும். வாரம் ஆக ஆகக் கொஞ்சம் கூட்டணும். முதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம் சட்டுனு இறங்கும். ஒரே ஒரு விஷயம், அவசரப்பட்டு அதிகமா ஊத்திடாதீங்க. கிருமி தாறுமாறாப் பெருகித் தண்ணியில இருக்குற காத்தையெல்லாம் இழுத்துக்கும். மீன் மூச்சு முட்டிச் செத்துப்போகும்."

"வினிகர் ஊத்தினா ஆகாதா?" என்று அவள் கேட்டாள்.

"ஆகும் அக்கா. ஆனா அது தண்ணியைப் புளிக்கவைக்கும், கவனமாப் பார்க்கணும். வோட்காதான் சுத்தம்."

வினிகர் என்று முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வழியெல்லாம் அவள் அதைச் சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் என்ன அர்த்தம்? 'உங்களை நம்பவில்லை' என்று அர்த்தம். இத்தனை வருஷம் சுத்தமாக இருந்த மனுஷனின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? அவரும் 'வினிகரே போதும்' என்று சொல்ல வாய் எடுத்திருப்பார். சொன்னால் 'எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை' என்று அர்த்தம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக் கொடுத்தே நெருப்பை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். நல்லா இருக்கிறது மரியாதை!

கடையில் போய் வாங்கியது யார் தெரியுமா? அவள். மதுக்கடை வாசலை மிதிப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த விரதம். அதனால் அவள் போனாள், தலையைக் குனிந்துகொண்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு. பாட்டிலைப் பைக்குள் துணி சுற்றி எடுத்து வந்தாள். வீட்டுக்குள் வைத்ததும் கை கழுவினாள்.

முதலில் பாட்டில் அவளுடைய அலமாரியில்தான் இருந்தது. காலையில் அவளே சிரிஞ்சில் எடுத்துக் கொடுப்பாள், அவர் தொட்டிக்குள் விடுவார். கொஞ்ச நாளில் அவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, தினமும் உன்கிட்ட வந்து கையை நீட்டணுமா? நான் என்ன சின்னப் பையனா?"

"அப்படி இல்லீங்க..."

"பின்ன எப்படி?"

பாட்டில் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக்கு, உப்பு வாளிக்குப் பக்கத்தில், இடம் மாறியது. அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் போனது. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். பாட்டிலின் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கத்தான் செய்யும், அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறார்களே. ஆனால் இவ்வளவா? அப்படியே தொட்டிக்குப் போனதென்றால் குழாய் ஏன் வெளுக்கவில்லை? ஒவ்வொரு முறையும் அதே சிவப்பு. மயிரிழை கூட மாறவில்லை. அவள் கண் பொய் சொல்லாது.

"இறங்கலையா?" என்று அவர் கேட்பார்.

"இல்லை" என்பாள்.

"கடைக்காரர் சொன்னார்ல, முதல்ல ஒண்ணும் தெரியாதுன்னு."

ஆமாம், சொன்னார்தான். ஆனால் அவர் வாயிலிருந்து அது வரும்போது பழைய நாள்களின் சாக்குகள் அவள் காதில் கேட்டன. 'கம்பெனியில விருந்து', 'பல்வலிக்கு ஒரு வாய்' என்று எத்தனை! போதாக்குறைக்கு ஒருநாள் அவர் கிட்டே வந்தபோது ஏலக்காய் மணத்தது. குடித்த காலத்தில் வாசனையை மறைக்க அவர் மென்றது ஏலக்காய்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் நடக்கிற சத்தத்தை இன்னொருவர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். தொட்டியின் பம்பு மட்டும் இரைந்துகொண்டே இருந்தது.

வெளியூரில் இருக்கும் மகளுக்கு அவள் போன் செய்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீயாம்மா வாங்கிக் குடுத்தே?" என்றாள் மகள். "உன் கையாலயேவா?"

அந்த ஒரு கேள்வி அவளைத் தூக்கிப்போட்டது. தன் மேல் வந்த கோபம் அத்தனையும் அவர் பக்கம் திரும்பியது. மனுஷ மனம் அப்படித்தானே! அடுத்த நாள் காலை குழாயை ஜன்னலில் பிடித்தாள். சிவப்பு. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தப் பாட்டில் எங்கங்க போகுது?"

"எங்க போகும், தொட்டிக்குத்தான்."

"தொட்டிக்குப் போயிருந்தா இது வெளுத்திருக்கும். ஏலக்காய் எதுக்கு?"

"அது வீட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து வாய் ஊறுதும்மா. அதை அடக்கத்தான் மெல்றேன். நான் தொடலை."

"இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன்? போதும் சாமி! என்னை ஏமாத்துங்க, பரவாயில்லை. கதவைத் திறந்து குழியில காலை வைக்க இருந்தாளே, அவளையுமா ஏமாத்துவீங்க?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வினாடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தொட்டிக்கு முன்னால் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். பேசாத அந்த வாயைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் ஏறியது. பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அக்கா வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போன் செய்வார் என்று காத்திருந்தாள். வரவில்லை. மறுநாள் வேலையில் ஒரு கத்தை வெள்ளைத் துணிக்குச் சந்தன நூலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "உடம்புக்கு முடியலையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தாள்.

கதவு உள்ளே தாழிட்டிருக்கவில்லை. கூடம் முழுக்க ஈரம், வாளிகள் உருண்டு கிடந்தன, உப்பு மூட்டை பிளந்து கொட்டியிருந்தது. ஒரு கெட்ட வாடை, கடற்கரையில் ஒதுங்கியது அழுகுமே, அந்த வாடை. ஈரத்துக்கு நடுவில் பாட்டில் உருண்டு கிடந்தது. சுத்தமாகக் காலி. தொட்டிக்கு அடியில் சுவரில் சாய்ந்தபடி அவர், நனைந்த சட்டையோடு, கண் இரண்டும் கோவைப்பழமாக.

"கிழிஞ்சது போ!" என்று கத்தினாள். "முழுசாக் குடிச்சிட்டீங்களா? மீதி இருந்தது பூராவுமா?"

அவர் தலையைத் தூக்கினார். அவள் பாய்ந்து போய் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி முகத்தருகே மூக்கை வைத்தாள். மோந்தாள். மறுபடி மோந்தாள். பல் துலக்காத வாய் நாறியது. வேறு ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராக வெளுத்திருந்தது. உள்ளே கல் தெரியவில்லை, பவளம் தெரியவில்லை. மேலே இரண்டு மீன்களும் பக்கம் சரிந்து மிதந்தன.

"ஐயையோ... என்னங்க பண்ணீங்க?"

"ஊத்திட்டேன்." குரல் கரகரத்தது. "நீ படியிறங்குற சத்தம் கேட்டுச்சு. அலமாரியைத் திறந்தேன். மூடியைத் திருகிட்டேன். வாய்க்கிட்ட கொண்டுபோயிட்டேன்ம்மா. உதட்டுல கண்ணாடி பட்டுச்சு."

அவள் காலிப் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிங்க்ல கொட்டணும்னுதான் நினைச்சேன். சிங்க் சமையலறையில இருக்கு. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் என்னால நடக்க முடியாது. நடுவுல குடிச்சிருப்பேன், எனக்கு நல்லாத் தெரியும். தொட்டிதான் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. கவுத்துட்டேன்."

பிறகு நடந்ததையும் சொன்னார். உடனே தண்ணீரை மாற்றத் தொடங்கியிருக்கிறார். கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் போதவில்லை. அவசரத்தில் கலக்கியது சரியாகக் கரையவில்லை. காற்றுப் பம்பு எல்லாவற்றையும் போட்டும் தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கின்றன. சின்னதுதான் முதலில் சாய்ந்ததாம். பெரியது அதைச் சுற்றிச் சுற்றி வந்ததாம்.

அவள் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. அந்தப் பாட்டிலைக் கடையில் போய் வாங்கியவள் அவள்தான். இந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாள்களில் எல்லாம் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அவரைத் திருடனாகப் பார்த்தவளும் அவள்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள்.

"மன்னிச்சிடுங்க. நான்தான் பாவி. போகட்டும்ங்க, தொட்டியைக் கழுவிப் புதுசா ஆரம்பிக்கலாம். மீன் வாங்கலாம். வினிகர் ஊத்திக்கலாம். எல்லாம் மறுபடி வந்துடும்."

அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மீனை விடும்மா. நேத்து உதடு வரைக்கும் வந்துச்சுல்ல, அது போகலை. உள்ளேயே உக்காந்திருக்கு. ராத்திரி பூரா வாளி தூக்கிக்கிட்டு இருந்ததால தெரியலை. இப்ப கை சும்மா இருக்கு. கடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், காலுக்கும் தெரியும்." அவர் அவள் கையை இறுக்கினார். "நேத்து ஊத்துறதுக்குப் பக்கத்துல தொட்டி இருந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் கடை வாசல்ல நின்னா எதுல ஊத்துவேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போய்க் கதவைப் பூட்டு" என்றார்.

அவள் எழுந்து போய்ப் பூட்டினாள். சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.